முன் சீட்டு

செரெங்கெட்டிக் காட்டுக்குள் ஒன்பது வருஷமாகச் சமைத்துப் போடுகிற கபுலா, ஒரு சிங்கத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்ததில்தான் வினையே வந்தது.

சிங்கத்தின் குரலைக் கேட்டிருக்கிறாள். காட்டின் நடுவே செரோனேரா முகாமில் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்களுக்கு அது தினப்படி சங்கதி. பாத்திரம் கழுவிய தண்ணீரை நக்க வரும் கழுதைப்புலியைச் செருப்பால் அடித்து விரட்டியிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்த யானையை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். ஆனால் சிங்கம், சிறுத்தை என்று வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வந்து பார்க்கிற பெரிய மனிதர்களை அவள் பார்த்ததெல்லாம் கேமராவின் முதுகில், தபால்தலை அளவில். “பாருங்க கபுலா, எவ்வளவு பக்கத்துல!” என்று சாயங்காலம் காட்டுவார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, “ரொம்ப அழகு” என்பாள். பிறகு சூப்புக்கு உப்புப் போடப் போவாள்.

அருஷா நகரத்திலிருந்து வருவதும் போவதும் சாமான் லாரியில். மெத்தைக்கட்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் உட்காரவேண்டும். தூசிக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். இறங்கினால் நேரே சமையல் கூண்டு. பொது முகாமில் சமையலறையைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறது. மிருகம் வெளியே திரியும், மனுஷர்கள் கூண்டுக்குள் வெங்காயம் நறுக்குவார்கள். எட்டுக் கம்பெனிச் சமையல்காரர்கள், எட்டு மேடை, எட்டு அடுப்பு, எல்லாம் அந்த ஒரே கூண்டில்தான்.

இந்தத் தடவை வந்தவர்கள் ஹாலந்துக்காரர்கள், நாலு பேர். அவர்களில் ஆன்னெலீ என்கிற டீச்சரம்மா நல்ல மாதிரி. தட்டை அவளே எடுத்துவந்து கொடுப்பாள். முழுநாள் சவாரிக்கு முந்தின நாள் சாயங்காலம் சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

“கபுலா, நீங்க இத்தனை வருஷத்துல எத்தனை சிங்கம் பார்த்திருப்பீங்க? நூறு? இருநூறு?”

“ஒண்ணுகூட இல்லம்மா” என்றாள் கபுலா.

மேஜை முழுக்கச் சிரித்தது. நல்ல ஜோக் என்று ஒருவர் கைதட்டினார். அவர்கள் மேல் தப்பில்லை, மீன்கடைக்காரி மீனே பார்த்ததில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் டிரைவர் லெம்பிரிஸும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு உண்மை தெரியும். சவாரிக்கு வழிகாட்டியும் அவன், வண்டிக்குச் சாரதியும் அவன், அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். விருந்தாளிகளோடு சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வர அவன் சிரித்ததுதான் கபுலாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தாள்.

“தம்பி, நாளைக்கு முழுநாள் சவாரிதானே? மதியச் சாப்பாட்டை டப்பாவுல கட்டிக் குடுத்துட்டா சாயங்காலம்வரை எனக்கு வேலை இல்ல. ஆறு பேர் உக்கார்ற வண்டியில நாலு பேர்தான் இருக்காங்க. உன் பக்கத்துல முன் சீட்டு காலி. நானும் வர்றேன்.”

லெம்பிரிஸ் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். “எங்க வர்ற?”

“சிங்கம் பாக்க.”

“ஏம்மா, உனக்கு என்ன கேடு? முன் சீட்டுல என் கோட்டு உக்காரும், பைனாகுலர் உக்காரும். வெங்காய வாசனையோட நீ ஏறினா சிறுத்தை மரத்துலேருந்து குதிச்சு ஓடிரும்.”

“உன் கோட்டு எத்தனை சிங்கம் பாத்திருக்கு?”

“என்ன?”

“உன் கோட்டுதான். மூணு வருஷமா அந்த சீட்டுல அதுதானே உக்காந்திருக்கு. அது எத்தனை சிங்கம் பாத்திருக்குன்னு கேட்டேன்.”

அவனுக்கு முகம் கறுத்தது. “உனக்கு இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குவ. போய்ச் சப்பாத்தி மாவைப் பிசை. பார்க் சட்டம், சமையல் ஆளுங்க சவாரியில ஏறக்கூடாது.”

“எந்தச் சட்டம்? எங்க எழுதியிருக்கு? காட்டு.”

அப்படி ஒரு சட்டம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். லெம்பிரிஸ் பல்குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கபுலா மாவு பிசையவில்லை.

விடிந்ததும் கூண்டுக்குள் ஏழு அடுப்புகள் எரிந்தன. முட்டை பொரிகிற சத்தம், மண்டாசிப் பணியாரம் வேகிற எண்ணெய் வாசனை, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போகிற அவசரம். எட்டாவது அடுப்பில் பூனை படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. கபுலா நல்ல துணி உடுத்தி, தலைக்குத் துணி கட்டி, தன் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கேஸ் அடுப்பு, மூடிய ரொட்டிப் பெட்டி, கவிழ்த்துவைத்த நாலு டீக் கோப்பை.

வெந்நீருக்கு வந்த லெம்பிரிஸ் இதைப் பார்த்து நின்றான். “டீ எங்க?”

“முன் சீட்டு எங்க?”

“விளையாடாத. அவங்க எழுந்துட்டாங்க.”

“நானும் எழுந்துட்டேன். குளிச்சுட்டேன். வண்டியில ஏற வேண்டியதுதான் பாக்கி. ஏத்திக்கிறேன்னு சொல்லு, கால் மணியில டீயும் வரும், டப்பாவும் வரும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா இல்ல.”

லெம்பிரிஸ் அசரவில்லை. கூண்டு வழக்கம் அவனுக்கும் தெரியும். ஒரு சமையல்காரர் நோய் என்று படுத்துவிட்டால் மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு பண்டமாகச் செய்து அவருடைய விருந்தாளிகளைப் பசியாற்றிவிடுவார்கள். கம்பெனிக்குச் சேதியே போகாது. போன மழைக்காலத்தில் பெரியவர் எலியாமானி மலேரியாவில் கிடந்தபோது, கபுலா மூன்று நாள் இரண்டு கூட்டத்துக்குச் சமைத்தாள். அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு: அடுப்புக்காரர் வாயால் சொல்லாமல் அடுத்தவர் அடுப்பை யாரும் தொடக்கூடாது. லெம்பிரிஸுக்கு முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. சமைக்கத் தெரியாதவனுக்கு எந்த வழக்கமும் பாதிதான் தெரியும்.

“பெரியவரே,” என்று எலியாமானியைக் கூப்பிட்டான். “கபுலாவுக்கு உடம்பு சரியில்ல. எங்க ஆளுங்களுக்கு நாலு டீ, நாலு முட்டை போட்டுக் குடுங்க.”

எலியாமானி கரண்டியைக் கீழே வைத்தார். கூண்டிலேயே மூத்தவர், இருபத்தாறு வருஷம் அங்கே புகை குடித்தவர். கபுலாவின் பக்கம் வந்து நின்று, அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“சுடலையே,” என்றார். அப்புறம் குரலைத் தணித்து, “தலைவலின்னு சொல்லும்மா. தலைவலிதானே? ஒரு வார்த்தை சொல்லு, மீதியை நாங்க பாத்துக்கறோம். உன் வேலையும் போகாது, அவன் மானமும் போகாது.”

பெரியவர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு தலைவலி சொன்னால் போதும், நாளைக்கு மறுபடி சூப்பு, மறுபடி தபால்தலைச் சிங்கம். அருஷாவில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் நினைவுக்கு வந்தாள். அந்தப் பெண்ணின் படிப்பு இந்தக் கரண்டியை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று மேஜையில் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்ல பெரியவரே,” என்றாள், கூண்டு முழுக்கக் கேட்கும்படி. “தலைவலி இல்ல, காய்ச்சல் இல்ல, வயித்துவலி இல்ல. கல்லுமாதிரி இருக்கேன். சமைக்க முடியாம உக்காரல. சமைக்க மாட்டேன்னு உக்காந்திருக்கேன்.”

மற்ற மேடைகளில் கரண்டிகள் நின்றன.

எலியாமானி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு லெம்பிரிஸிடம் திரும்பினார். “கேட்டியா தம்பி? அவ நல்லா இருக்கா. அடுப்பு அவளோடது. அவ சொல்லாம நான் தொடமாட்டேன்.”

“பெரியவரே, நாலே நாலு டீ!”

“நாப்பதா இருந்தாலும் அதேதான்.”

லெம்பிரிஸ் அடுத்த மேடைக்குப் போனான். அங்கே ஷிஜா, வாய்த்துடுக்குக்காரன், மண்டாசியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, என்னைப் பாக்காதீங்க,” என்றான் ஷிஜா. “நான் பதினோரு வருஷமா இங்க இருக்கேன், காண்டாமிருகம் கறுப்பா வெள்ளையான்னே தெரியாது. அந்த அக்கா பாத்துட்டு வந்து சொல்லட்டும்.”

மூன்றாவது மேடைக்காரன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். நான்காவது மேடைக்காரர் ரொட்டியை மூடிவைத்தார். அதற்கு மேல் லெம்பிரிஸ் போகவில்லை.

அதற்குள் ஹாலந்துக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கம்பிவலைக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே வாசனை, வெளியே பசி. லெம்பிரிஸ் அவர்களிடம் ஓடி, அடுப்பில் கோளாறு என்றான்.

“அடுப்பு நல்லாத்தான் இருக்கு!” என்று கபுலா உள்ளேயிருந்து கத்தினாள். அவள் இங்கிலீஷ் உடைந்ததுதான், ஆனால் உடைந்த இடமெல்லாம் கூராக இருக்கும். “கோளாறு சீட்டுல. உங்க வண்டியில ரெண்டு சீட்டு காலி. சிங்கம் பாக்க எனக்கு ஒண்ணு வேணும்னு கேட்டேன். நேத்து நான் சொன்னது ஜோக் இல்ல.”

ஆன்னெலீ அசையாமல் நின்றாள். நேற்றுச் சிரித்தது அவள் முகத்தில் இப்போது திரும்பி வந்து அறைந்ததைப் பார்க்க முடிந்தது. “பார்க்ல சட்டம் இருக்குன்னு லெம்பிரிஸ் சொன்னாரே...” என்று இழுத்தாள்.

“இருந்தா காட்டச் சொல்லுங்க!”

லெம்பிரிஸ் வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டான். கிவுயோ என்றால் அருஷாவில் தெரியாத ஆளில்லை. பதினாலு வண்டி, நாலு லாரி, ஒரே ஒரு தொண்டை, ஆனால் அந்தத் தொண்டைக்கு ஒலிபெருக்கி வேண்டாம். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் கூண்டு முழுக்கக் கேட்டது.

“சீட்டா? அவளுக்கா? நாளைக்கு எல்லாருமே சீட்டு கேப்பானுங்க! அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்னு சொல்லு. இப்பவே, இந்த நிமிஷமே! என் கம்பெனி அனுமதியிலதான் அவ பார்க்குள்ள இருக்கா, இனிமே ஒரு மணிநேரம்கூட இருக்கக்கூடாது. கூட்டிட்டுப் போய் பார்க் வாசல்ல, நாபி கேட்டுக்கு வெளிய இறக்கு!”

“எந்த வண்டியில ஐயா?” என்றான் லெம்பிரிஸ். “லாரி நாளைக்குத்தானே வரும்.”

“எந்த வண்டியிலன்னா என்னடா கேள்வி? எத்தனை வண்டி வெச்சிருக்க நீ? உன் வண்டியிலதான்! அவங்களையும் ஏத்திக்க, அவளை இறக்கிட்டு அப்படியே சவாரியை முடி!”

முதலில் சிரித்தவன் ஷிஜா. அவனுக்குத்தான் சட்டென்று உறைத்தது. அடுத்து எலியாமானியின் தோள் குலுங்கியது. பிறகு கூண்டு முழுக்கச் சிரிப்பு, பாத்திரத்தில் கரண்டியால் தட்டுகிற சத்தம். செரோனேராவிலிருந்து நாபி கேட்டுக்கு ஒன்றரை மணிநேரம், சிங்கம் திரிகிற சமவெளியின் நட்டநடுவே, அதே வண்டியில். லெம்பிரிஸுக்கு மட்டும் கடைசியில்தான் புரிந்தது.

கபுலா மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். வேலை போன துக்கத்தைப் பிறகு அழுதுகொள்ளலாம். தன் பையை எடுத்துக்கொண்டு நேரே வண்டிக்குப் போனாள். முன் கதவைத் திறந்தாள். சீட்டில் கிடந்த கோட்டை எடுத்து உதறி, மடித்து, லெம்பிரிஸின் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு இது பின்னால வரட்டும்,” என்றாள்.

வண்டி கிளம்பியது. ஹாலந்துக்காரர்கள் வாழைப்பழத்தையும் காய்ந்த பிஸ்கட்டையும் தின்றுகொண்டு வந்தார்கள். கண்ணாடி வழியாகக் காடு திறந்துகொண்டே போனது. கபுலா இதைத் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து தூசியாக மட்டுமே மூச்சிழுத்திருந்தாள். இப்போது அது மஞ்சளாக, கண்ணெட்டும் தூரமும் மஞ்சளாக விரிந்து கிடந்தது. வரிக்குதிரைகள் பாதையோரம் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தன. ஓர் ஒட்டகச்சிவிங்கி வண்டிக்காக அவசரப்படாமல் ரோட்டைக் கடந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் “பாரு, பாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இருபது நிமிஷம் போனதும் ரேடியோ கரகரத்தது. வேறொரு டிரைவரின் குரல்: “பாலத்துக்கிட்ட மீசைக்காரங்க நாலு பேர், படுத்திருக்காங்க.”

லெம்பிரிஸ் ரேடியோவின் ஒலியைக் குறைத்தான். முதலாளி போகச் சொன்னது நேரே கேட்டுக்கு. விருந்தாளிகளுக்குப் புரியக்கூடாது என்றுதான் டிரைவர்கள் சிங்கத்துக்கு அப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் டிரைவர்கள் தினமும் எங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், யார் ஊற்றிக்கொடுப்பது என்பதை அவன் மறந்துவிட்டான்.

கபுலா பின்னால் திரும்பினாள். “சிங்கம்,” என்றாள் சத்தமாக. “நாலு சிங்கம். பாலத்துக்கிட்ட. இவன் நிறுத்தாம போகப் பாக்குறான்.”

“லெம்பிரிஸ்!” என்றாள் ஆன்னெலீ, வகுப்பில் பையனை அதட்டுகிற அதே குரலில். வண்டி தானாகவே மெதுவானது.

மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டுக்கு அடியில் கட்டிய சிறிய பாலம். அதன் நிழலில் ஒரு பெண்சிங்கமும் மூன்று குட்டிகளும். கபுலாவின் கதவிலிருந்து நாலு முழம்கூட இராது.

தபால்தலையில் இருந்ததெல்லாம் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. இது இவ்வளவு பெரியது என்று எந்தக் கேமராவும் சொல்லவில்லை. முகமெல்லாம் ஈ மொய்த்தது. ஒரு காதில் கிழிசல். வயிறு ஏறி இறங்க மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, வாடை அடித்தது, பச்சை ரத்தமும் வெயிலும் கலந்த வாடை. ஒரு குட்டி தாயின் வாலைக் கடித்து இழுத்தது. தாய் தலையைத் தூக்கியது. குட்டியைப் பார்க்கவில்லை, கபுலாவைப் பார்த்தது. தேன் நிறக் கண். வெங்காய வாசனைக்கு அது எழுந்து ஓடவில்லை.

பின்னால் ஒரு கேமராகூடச் சத்தம் போடவில்லை. ஹாலந்துக்காரர்கள் சிங்கத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கபுலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சந்தோஷம் என்று ஆன்னெலீ நினைத்து அவள் தோளைத் தொட்டாள். சந்தோஷமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“இருபது நிமிஷம்,” என்றாள் லெம்பிரிஸிடம். “என் அடுப்புலேருந்து இருபதே நிமிஷம்டா. ஒன்பது வருஷமா இது இங்கதான் படுத்திருந்திருக்கு.”

லெம்பிரிஸ் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜினை அணைத்தான். அவள் போதும் என்று சொல்கிறவரை கிளப்பவில்லை.

நாபி கேட்டில் வெயில் ஏறிவிட்டது. கபுலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நின்றாள். அருஷா பக்கம் போகிற ஏதாவது லாரியில் இடம் கேட்கவேண்டும். அப்போதுதான் லெம்பிரிஸின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இரண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தான்.

“கபுலா அக்கா,” என்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அக்கா. “ஐயாதான். மத்தக் கம்பெனி முதலாளிங்க எல்லாருக்கும் போன் போட்டுட்டாராம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்க ஆளை அனுப்புங்கன்னு. ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். ‘அது கபுலா அடுப்பு, அவ சொல்லணும்’னு எல்லா வாயிலயும் ஒரே பேச்சாம்.”

“அதுக்கு?”

“திரும்பி வந்து ராத்திரிக்குச் சமைச்சிரு. காலையில நடந்ததை மறந்துடலாம்ங்கிறாரு.”

கபுலா கையை நீட்டினாள். லெம்பிரிஸ் தயங்கி, போனைக் கொடுத்தான்.

“ஐயா, கபுலா பேசறேன். மறந்துடாதீங்க. நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. டப்பாச் சாப்பாடு கட்டுற அன்னைக்கு வண்டியில சீட்டு காலியா இருந்தா அது சமையல் ஆளுக்கு. எனக்கு மட்டும் இல்ல, உங்க பதினாலு வண்டியிலயும். சரின்னா வர்றேன். இல்லேன்னா இங்கேயே லாரி பிடிச்சுக்கறேன், நீங்க வந்து சூப்பு வைங்க.”

மறுமுனையில் அந்தப் பெரிய தொண்டை ஒருமுறை கனைத்தது.

“ராத்திரிக்கு என்ன சமைப்ப?” என்றது.

“சரியா, இல்லையா?”

“சரி! சரி, சரி! தொலை!”

போனை லெம்பிரிஸிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை அவளே இழுத்து அடைத்தாள். ஆன்னெலீ பின்னாலிருந்து கடைசி வாழைப்பழத்தை நீட்டினாள். லெம்பிரிஸ் வண்டியை வந்த வழிக்கே திருப்பினான்.

“எங்க போற?” என்றாள் கபுலா.

“முகாமுக்குத்தான் அக்கா. இதான் நேர் ரோடு. சீக்கிரம் போனாத்தானே நீ அடுப்பைப் பத்தவைக்க முடியும்.”

கபுலா பழத்தை உரித்தாள். “இந்த ரோட்டை வரும்போதே பாத்தாச்சு. கிழக்கால தெரியுற அந்தப் பாறைப் பக்கமாப் போ,” என்றாள். “இன்னும் நான் சிறுத்தையைப் பாக்கல.”